ஜன்னல் வைக்க யாரைக் கேட்க வேண்டும்?

அடி அண்ணாமலையில் என் பெரியம்மா வீட்டுச் சாப்பாட்டு அறையில் நடுப்பகலிலும் விளக்குப் போட வேண்டும். முன்பு அப்படி இல்லை. நடுவில் திறந்த முற்றம் இருந்த காலத்தில் அதை ஒட்டிய தாழ்வாரத்தில்தான் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். குரங்குத் தொல்லை, மழைச்சாரல் என்று சொல்லி முற்றத்தின் மேல் தளம் போட்டார்கள். தாழ்வாரம் அறையானது. பெரிய அண்ணனின் கல்யாணச் சீரில் வந்த சாப்பாட்டு மேஜை அதற்குள் வந்தது. கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடுவே, வெளிச்சம் நுழைய ஒரு வழியும் இல்லாமல், இருபது வருடமாக அந்த அறை இருக்கிறது.

போன வருடம் அதைப் புதுப்பிப்பது என்று முடிவானது. பெரியப்பா, இரண்டு அண்ணன்கள், மேஸ்திரி நால்வரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பேசினார்கள். காபி கொண்டுவந்த பெரியம்மா கிழக்குச் சுவரைக் காட்டி, "இங்க ஒரு ஜன்னல் வெச்சா மலை தெரியும் இல்ல?" என்றார். மேஸ்திரி சுவரைத் தட்டிப் பார்த்து, "வெக்கலாம்மா, லிண்டல் போட்டுக்கணும்" என்றார். பெரியப்பா சிரித்தார். "மலையப் பாத்துக்கினே சாப்புடணுமா? பௌர்ணமின்னா சந்து பூரா ஜனம். உள்ள சாப்புடறது தெரியும்." அத்துடன் பேச்சு டைல்ஸுக்குப் போய்விட்டது. யாரும் கோபப்படவில்லை, அதட்டவில்லை. பெரியம்மா காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

எனக்கு உடனே அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' நினைவுக்கு வந்தது. 1988இல் க்ரியா வெளியிட்ட தொகுப்பின் தலைப்புக் கதை. ராஜஸ்தானத்துப் பெரிய குடும்பம் ஒன்றின் வீடு. அறைகளுக்குக் குறைவில்லை. சமையலறை மட்டும் ஏனோதானோவென்று கடைசியில் ஒட்டவைத்தது போல இருக்கிறது. தட்டு வைக்கவும் போதாத தொட்டி. குழாயைத் திறந்தால் நிற்பவளின் காலடியில் தண்ணீர் தேங்கும். வெளியே மலை இருக்கிறது. மருமகளாக வந்த மீனாட்சி, சமையலறைக்கு வெளியே உள்ள தாழ்வாரத்தை அகலப்படுத்தலாம், பெரிய தொட்டி வைக்கலாம் என்று மாமனாரிடம் சொல்கிறாள். அது நடக்கவில்லை. சில நாட்களில் அந்த இடத்தில் துணி காயப்போடக் கயிறுகள் கட்டப்படுகின்றன. மலை மறைந்துபோகிறது.

இந்தக் கதையைப் பல வருடங்கள் நான் தவறாகப் படித்திருக்கிறேன் என்று இப்போது தோன்றுகிறது. என் கவனமெல்லாம் கதையின் இறுதிப் பகுதியில் இருந்தது. சமையலறையும் நகையும்தான் தன் பலம் என்று நம்பி வாழ்ந்த மூத்த பெண்ணிடம் மீனாட்சி பேசும் அந்தப் பகுதியைத்தான் கருத்தரங்குகளில் எல்லோரும் எடுத்துப் பேசுவோம். தொட்டியும் தாழ்வாரமும் அங்கே போய்ச் சேர்வதற்கான படிக்கட்டு என்று நினைத்திருந்தேன். பெரியம்மாவின் சுவருக்கு முன்னால் நின்றபோதுதான், கதையின் அரசியல் அந்தத் தொட்டியிலேயே முழுதாக இருப்பது தெரிந்தது. மீனாட்சி விடுதலை கேட்கவில்லை. கால் நனையாமல் நிற்க இடம் கேட்டாள். அதிகாரம் அந்த அளவுகூட இறங்கிவரவில்லை. மறுப்பதற்கு அதற்கு வாதமும் தேவைப்படவில்லை, கயிறு போதுமானதாக இருந்தது. எங்கள் வீட்டில் அந்தக் கயிற்றின் வேலையை ஒரு சிரிப்பு செய்தது.

சிலர் இந்த இடத்தில் எதிர்வாதம் வைப்பார்கள். சமையலறையை வசதியாக்குவது பெண்ணை அங்கேயே நிறுத்தும் ஏற்பாடுதானே? இதில் நியாயம் உண்டு. 1926இல் மார்கரெட் ஷூட்டே லிஹோட்ஸ்கி என்ற கட்டடக் கலைஞர் ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் நகரத்துக் குடியிருப்புகளுக்காக ஒரு சமையலறையை வடிவமைத்தார். ஏறத்தாழ 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம். ஜன்னலுக்குக் கீழே வேலை மேடை, கைக்கெட்டும் தூரத்தில் எல்லாச் சாமானும், நடக்கும் தூரம் குறைவு. பெண்ணின் நேரத்தை மிச்சப்படுத்துவதுதான் நோக்கம். பின்னால் வந்த பெண்ணியவாதிகள் அதன் இன்னொரு பக்கத்தைச் சுட்டிக்காட்டினார்கள். ஒருவர் மட்டுமே நின்று வேலை செய்யும் அளவில் கட்டினால், அந்த ஒருவர் யார் என்பதும் சேர்ந்தே முடிவாகிவிடுகிறது. வெளிச்சம் வந்தது, வேலையைப் பகிர இன்னொரு ஆள் நிற்க இடமில்லை.

ஆனால் அந்த விமர்சனத்தை அப்படியே அடி அண்ணாமலைக்குக் கொண்டுவந்து, ஜன்னல் எதற்கு, வெளியே வா என்று பெரியம்மாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அறுபத்தெட்டு வயதில் அவர் எங்கே போவார்? நாளைக்கும் அங்கேதான் நிற்பார். விடுதலை வரும்வரை இருட்டில் நில் என்று சொல்வது பெண்ணியம் ஆகாது.

ஜியோ பேபி இயக்கி 2021இல் வந்த 'தி கிரேட் இந்தியன் கிச்சன்' என்ற மலையாளப் படத்தை எல்லோரும் சமையலறைப் படம் என்கிறோம். 2023இல் அதன் தமிழ் மறுஆக்கமும் வெளிவந்தது. என்னை அதில் உறுத்தியது சாப்பாட்டு மேஜை. ஆண்கள் முதலில் சாப்பிடுகிறார்கள். மென்று துப்பிய சக்கையை மேஜை மேலேயே போட்டுவிட்டு எழுந்து போகிறார்கள். பெண்கள் அதற்கு நடுவில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். தரையில் பந்தி நடந்த காலத்தின் வரிசை, மேஜை வந்த பிறகும் மாறவில்லை. ஒழுகும் குழாயைச் சரிசெய்ய ஆள் கூப்பிடக் கணவனுக்குக் கடைசிவரை நினைவே வருவதில்லை. அந்த அழுக்குத் தண்ணீர் அவன் காலில் படாததால் அது அவனுக்குப் பிரச்சினையாகவே தெரியவில்லை. மீனாட்சியின் காலடித் தண்ணீரும் இதே தண்ணீர்தான்.

பெரியம்மா வீட்டு மேஜைக்கு ஆறு நாற்காலி. வீட்டில் ஏழு பேர். இந்தக் கணக்கை இருபது வருடத்தில் யாரும் போட்டுப் பார்த்ததில்லை, அவர் உட்காராததால் இடம் சரியாக இருந்தது. அவர் அடுக்களை வாசற்படியில் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுவார். யாருக்காவது ரசம் வேண்டுமென்றால் எழுந்துவிடலாம் அல்லவா?

இப்போது வேலை முடிந்துவிட்டது. ஃபால்ஸ் சீலிங், எல்இடி விளக்குகள், முகம் தெரியும் அளவுக்கு மினுங்கும் வெள்ளை டைல்ஸ். மேஜைக்கு நேர் மேலே ஒரு தொங்கு விளக்கு. வருகிறவர்கள் எல்லோரும் பாராட்டுகிறார்கள். அறை பிரகாசமாக இருக்கிறது என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் விளக்குகள் சாப்பிடுகிறவர்களின் தட்டைப் பார்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. அடுக்களை வாசற்படி பழைய நிழலில்தான் இருக்கிறது. வெள்ளை டைல்ஸில் குழம்பு சிந்தினால் உடனே தெரிகிறது, ஆகவே துடைக்கும் வேலையும் கூடியிருக்கிறது.

ஜன்னல் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பெரியப்பா சொன்னது போல வெளியிலிருந்து உள்ளே தெரிந்திருக்கும். உள்ளிருந்து வெளியே தெரிந்திருக்கும் என்பதை அவர் சொல்லவில்லை. இந்த ஊரில் சூரியன் மலைக்குப் பின்னாலிருந்து தாமதமாகத்தான் மேலே வரும். காலைப் பலகாரம் செய்யும் நேரத்தில் அந்த வெளிச்சம் மேஜை மேலும் வாசற்படி மேலும் ஒன்றாக விழுந்திருக்கும்.

கார்த்திகை தீபத்தன்று போயிருந்தேன். ஆறு மணிக்கு மலையுச்சியில் தீபம் தெரிந்ததும் மொட்டை மாடியிலிருந்து சத்தம் எழுந்தது. ஊரே கும்பிட்டது. நான் கீழே வந்து பார்த்தபோது பெரியம்மா பொரி உருண்டை பிடித்துக்கொண்டிருந்தார். பாகு ஆறிவிட்டால் பிடிக்க வராது. "நீ போய்ப் பாரும்மா, நான் அப்புறமா வரேன்" என்றார். அந்தக் கிழக்குச் சுவருக்கும் அவருக்கும் நடுவே பத்தடி தூரம் இருந்தது.

உங்கள் வீட்டிலும் புதுப்பிக்கும் பேச்சு வரலாம். வண்ணமும் டைல்ஸும் பார்ப்பதற்கு முன்னால் ஒன்றைச் செய்யுங்கள். அந்த அறையில் அதிக நேரம் நிற்பவர் யாரோ அவரை முதலில் உட்காரவைத்துக் கேளுங்கள். அன்றைக்குக் காபியை வேறு யாராவது போடட்டும்.