மூன்று புலி, பதினைந்து ஆடு

ஆடுபுலி ஆட்டத்தின் கட்டத்தைத் தரையில் வரைய ஒரு கரித்துண்டு போதும். உச்சிப் புள்ளியிலிருந்து நான்கு கோடுகள் விரிந்து இறங்கி அடிக்கோட்டைத் தொடும். மூன்று குறுக்குக் கோடுகள் அவற்றை வெட்டி, இருபுறமும் வெளியே நீண்டு, ஓரத்தில் செங்குத்துக் கோடுகளால் இணையும். உச்சியில் 1, குறுக்குக் கோடுகளில் ஆறாறாக 18, அடியில் 4 என மொத்தம் 23 புள்ளிகள். புலி 3, ஆடு 15. தமிழ்நாட்டின் பழைய கோயில் மண்டபத் தளங்களில் இந்தக் கட்டம் கல்லிலேயே செதுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். காய்களுக்கு முகம் கிடையாது, உடுப்பும் கிடையாது. புலிக்குக் கூழாங்கல், ஆட்டுக்குப் புளியங்கொட்டை என்று கையில் அகப்பட்டதை வைத்துக்கொள்வார்கள். ஆனாலும் ஆட்டம் சூடுபிடித்ததும் அந்தக் கூழாங்கல் புலியாகவே நடந்துகொள்கிறது. பாத்திரப் படைப்பில் இத்தனை சிக்கனமான வேலைப்பாடு அரிது.

அந்தப் புலித்தனம் முழுவதும் விதியிலிருந்தே வருகிறது. புலி தொடக்கம் முதலே நகரலாம். பக்கத்துப் புள்ளியில் ஆடு நின்று, அதே கோட்டில் அதற்கு அப்பாலுள்ள புள்ளி காலியாக இருந்தால் தாண்டி வெட்டலாம். ஆட்டுக்கோ வெட்டும் உரிமையே இல்லை. போதாததற்கு, 15 ஆடுகளும் ஒவ்வொன்றாகக் கட்டத்தில் இறங்கி முடியும்வரை, இறங்கிய ஆடு நின்ற இடத்தைவிட்டு அசையவும் கூடாது. புலிக்குப் பசியும் பாய்ச்சலும் கொடுத்த அதே கை, ஆட்டுக்குப் பொறுமையையும் கூட்டத்தையும் கொடுத்திருக்கிறது. குணத்தைச் சொல்லிக் காட்டாமல் ஆடுபவரின் விரலில் உணரவைப்பதுதான் இதன் அழகு. ஆட்டுப் பக்கம் உட்கார்ந்தவர் தாமாகவே தயங்குகிறார். புலிப் பக்கம் உட்கார்ந்தவருக்குத் தாமாகவே துணிச்சல் வருகிறது.

மோதலின் கணக்கு இன்னும் நுட்பமானது. எல்லா ஆடும் இழப்பின்றி இறங்கிவிட்டால் கட்டத்தில் 18 காய்கள் இருக்கும். காலிப் புள்ளி வெறும் 5. புலி இயங்குவது அந்தக் காலி இடத்தை நம்பித்தான். உச்சியில் நிற்கும் புலிக்கு இறங்கும் வழி நான்கு. அதை அடைக்க நான்கு வழியிலும் ஓர் ஆடு நின்றால் போதாது. ஒவ்வொன்றின் பின்னாலும் இன்னொரு காய் நின்றால்தான் தாண்ட முடியாது. ஆக 8 காய்கள் வேண்டும். அதே புலி பக்கச் சட்டத்தின் மேல் மூலைக்குப் போய்விட்டால் வழி இரண்டுதான். 4 காயில் கதை முடிந்துவிடும். ஆகவே ஆட்டை வெட்டும் ஆசையில் ஓரத்துக்கு இழுக்கப்படும் புலி தன் ஆயுளையே குறைத்துக்கொள்கிறது. அனுபவசாலிகள் ஓர் ஆட்டை வேண்டுமென்றே பலிகொடுத்துப் புலியை மூலைக்கு வரவழைப்பது இதனால்தான்.

ஆட்டுக்கும் புகலிடங்கள் உண்டு. எந்தக் கோடும் ஊடுருவிப் போகாத புள்ளியில் நிற்கும் ஆட்டைத் தாண்ட முடியாது. உச்சி, அடிக்கோட்டின் இரு முனைகள், பக்கச் சட்டங்களின் நான்கு மூலைகள் என அப்படிப்பட்ட புள்ளிகள் 7. புதிதாக ஆடுபவர் முதலில் அந்த ஓரங்களைப் பிடித்து நிம்மதி அடைவார். ஓரத்திலேயே ஒண்டிக்கொண்டிருந்தால் புலியை அடைக்க முடியாது என்பது பிறகு புரியும். அடைப்பதற்கு நடுவே வந்தாக வேண்டும். நடுவே வருவது ஆபத்து. ஒரு நல்ல மோதலுக்கு வேண்டிய இழுபறி முழுவதும் இந்த இரண்டுக்கும் இடையே கிடக்கிறது. தொடக்கத்தில் புலியின் கை ஓங்கியிருக்கும். காய் இறங்க இறங்கத் தராசு மெல்லச் சாயும். அந்தச் சாய்வைத் தடுக்கப் புலி எத்தனை ஆட்டை எவ்வளவு சீக்கிரம் வெட்டுகிறது என்பதுதான் ஆட்டத்தின் மூச்சு.

நேபாளத்தின் பாக்-சால் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. அங்கே 5-க்கு 5 புள்ளிகள் கொண்ட சதுரக் கட்டம், 4 புலி, 20 ஆடு. கணினி ஆய்வாளர்கள் லிம் யூ ஜின், யுர்க் நீவர்கெல்ட் இருவரும் அதைக் கணக்கிட்டுப் பார்த்து, இரு பக்கமும் பிழையின்றி ஆடினால் ஆட்டம் சமனில் முடியும் என்று நிறுவினார்கள். பெயர் தெரியாத யாரோ ஒரு கட்டத்தில் வைத்த எண்கள் அவ்வளவு துல்லியமாகப் பொருந்தியிருக்கின்றன என்பது வியந்து போற்ற வேண்டிய செய்தி.

விதியாலும் எண்ணாலும் பாத்திரம் படைக்கும் இந்தக் கலையின் இன்றைய வாரிசு, பாத்திரமேற்று ஆடும் கணினி விளையாட்டு. 1974-இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் வெளியிட்ட டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் அதன் மூலம்; பொம்மைப் படைகளை மேசையில் நகர்த்திப் போர் விளையாடியவர்களிடமிருந்து அது பிறந்தது. ஆர்பிஜி மேக்கர் போன்ற மென்பொருள்கள் வந்தபின், நிரல் எழுதத் தெரியாதவரும் ஓய்வு நேரத்தில் இத்தகைய விளையாட்டை உருவாக்கலாம் என்றானது.

ஆர்பிஜி மேக்கரில் ஒரு பாத்திரம் என்பது எட்டு எண்கள்: உயிர், மந்திர ஆற்றல், தாக்குதல், தற்காப்பு, மந்திரத் தாக்குதல், மந்திரத் தற்காப்பு, வேகம், அதிர்ஷ்டம். சாதாரண அடிக்கு மென்பொருள் தானாகத் தரும் சூத்திரம் எளிது. அடிப்பவரின் தாக்குதலை 4-ஆல் பெருக்கி, அடிபடுபவரின் தற்காப்பை 2-ஆல் பெருக்கி, முன்னதிலிருந்து பின்னதைக் கழிக்க வேண்டும். தாக்குதல் 20, தற்காப்பு 15 என்றால் சேதம் 50. எதிரியின் தற்காப்பை 35 ஆக்கினால் சேதம் 10-க்கு இறங்கும். 40 ஆக்கினால் ஒன்றுமே இல்லை. அதே 35 தற்காப்புக்கு எதிராகத் தாக்குதலை 20-இலிருந்து 22-க்கு ஏற்றினால் சேதம் 10-இலிருந்து 18-க்குத் தாவும். கழித்தல் சூத்திரத்தின் குணம் இது: எல்லைக்கோட்டருகே இரண்டு எண் கூடினாலும் யுத்தத்தின் தலையெழுத்து மாறும். வகுத்தல் சூத்திரம் இவ்வளவு முரட்டுத்தனம் காட்டாது. தாக்குதலைத் தாக்குதலாலேயே பெருக்கி, தாக்குதலும் தற்காப்பும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுத்தால், எத்தனை பலமான கவசத்தின் மீதும் சிறிதளவாவது அடி விழும். எதைத் தேர்வது என்பது ரசனை. தன் ஆயுதம் எதிரியிடம் பலிக்கவில்லை என்ற திகைப்பை ஆடுபவருக்குக் கொடுக்க விரும்பினால் கழித்தலே சிறந்தது.

பெரும்பாலான பொழுதுபோக்குப் படைப்பாளிகள் சறுக்குவது இந்த எண்களில் அல்ல, எல்லா எதிரிகளையும் ஒரே அச்சில் வார்ப்பதில்தான். இரண்டாம் ஊரின் ஓநாய் முதல் ஊரின் ஓநாயைவிட உயிர் கூடியது. மூன்றாம் ஊரில் அதற்கு நிறம் மாறியிருக்கும். ஆட்டுக்கும் புலிக்கும் இடையில் இருப்பது போன்ற இன வேறுபாடு அங்கே இல்லை.

அந்த வேறுபாட்டைக் கற்க நீலகிரியின் மசினகுடியைவிட நல்ல பள்ளி கிடைக்காது. ஊட்டியிலிருந்து கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கினால், மழைமறைவில் கிடக்கும் சீகூர்ப் பீடபூமியின் முட்காடு விரிகிறது. ஒருபுறம் முதுமலைப் புலிகள் காப்பகம், வடக்கே மோயாற்றுப் பள்ளத்தாக்கு, நடுவே மாடு மேய்த்துப் பிழைக்கும் ஊர்கள். இங்குள்ள ஒவ்வொரு விலங்கும் தனக்கென ஒரு மோதல் முறை வைத்திருக்கிறது. செந்நாயின் எடை ஏறத்தாழ 15 கிலோ. தனியே வந்தால் அதற்கு மதிப்பில்லை, கூட்டமாக வந்தால் தன்னைவிடப் பல மடங்கு கனத்த புள்ளிமானைச் சாய்த்துவிடும். விளையாட்டில் அதற்குத் தாக்குதல் எண்ணைக் கூட்டுவது வீண். அருகில் நிற்கும் ஒவ்வொரு கூட்டாளிக்கும் பலம் ஏறும்படி விதி வைத்தால் செந்நாய் உயிர்பெறும். மரத்தின் மேலிருந்து முதலில் புலியைக் கண்டு குரல் கொடுக்கும் மந்தி யாரையும் அடிப்பதில்லை. ஆனால் அது அணியில் இருந்தால் பதுங்கித் தாக்கும் எதிரியின் முதல் அடி வீணாகும். காட்டுமாட்டுக்குத் தற்காப்பு மலைபோல. சீண்டாதவரை அது மேய்ந்துகொண்டிருக்கட்டும். யானையோடு சண்டை என்ற பேச்சே கூடாது. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, திரும்பிப் போக வழி இருக்கிறதா என்று பார்த்து ஒதுங்குவதே அங்கே வெற்றி.

வெற்றியின் இலக்கணமும் இந்த மண்ணில் வேறுவகையில் எழுதப்பட்டிருக்கிறது. 2021-இல் மனிதரையும் மாடுகளையும் கொன்றதாகத் தேடப்பட்ட டி-23 என்ற புலியை உடனே கொல்ல வேண்டாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. தானியங்கிக் கேமராக்கள், டிரோன்கள், கும்கி யானைகள், மோப்ப நாய்கள் எனச் சுற்றி வளைத்து ஏறத்தாழ மூன்று வாரம் தேடினார்கள். அக்டோபர் 15 அன்று மசினகுடி அருகே மயக்க ஊசி போட்டு உயிரோடு பிடித்து மைசூருக்கு அனுப்பினார்கள். ஆடுபுலி ஆட்டத்திலும் ஆடுகள் புலியைக் கொல்வதில்லை. அசைய இடமில்லாமல் அடைக்கின்றன. உயிர் எண்ணைப் பூஜ்யமாக்குவதே முடிவு என்ற வழக்கத்தை விட்டு, எதிரியின் நடமாட்டத்தைக் கட்டம் கட்டமாகச் சுருக்கும் மோதலை வகுத்தால், தேடல், பொறுமை, தடம் பார்த்தல் எல்லாம் ஆட்டத்துக்குள் வந்துவிடும். இத்தகைய விளையாட்டு இன்னும் நிறைய வர வேண்டும்.

மோதலை வகைபிரிப்பதில் தமிழுக்கு இருக்கும் செல்வமும் பயன்படக் காத்திருக்கிறது. தொல்காப்பியத்தின் புறத்திணை, போரைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கிறது. வெட்சி ஆநிரை கவர்தல். மண் கருதிப் படையெடுப்பது வஞ்சி. கோட்டை முற்றுகை உழிஞை. நேருக்கு நேர் பொருவது தும்பை. வென்று நிற்பது வாகை. கவர்ந்த நிரையை மீட்கும் கரந்தையைப் பிற்காலப் புறப்பொருள் வெண்பாமாலை தனித் திணையாக்கியது. ஒவ்வொன்றின் நோக்கமும் வேறு என்பதால், ஒவ்வொன்றுக்கும் தனி விதி எழுதலாம். மாட்டை ஓட்டிக்கொண்டு ஊர் எல்லையைத் தாண்டினால் வெற்றி என்ற கட்டத்தில் எதிரியை வீழ்த்துவது நேரவிரயம். மாடு மிரண்டால் வேகம் குறையும், இருட்டினால் புலி வரும் என்று சேர்த்துவிட்டால் மசினகுடி மாலை நேரத்தின் பதற்றம் அப்படியே கிடைக்கும். கொங்கு நாட்டில் நிற்கும் புலிகுத்திக் கற்களில், பாயும் புலிமேல் ஆயுதத்தைச் செருகும் வீரனைக் காணலாம். அந்த ஒற்றை வீச்சைப் பாத்திரத்தின் கடைசித் திறனாக வைக்கலாம்: ஒரே ஒரு முறை, மந்தையைக் காக்க மட்டும்.

எண்களைச் சரிபார்ப்பது கடைசி வேலை. அதுவே நீண்ட வேலையும்கூட. ஒரே நேரத்தில் ஓர் எண்ணை மட்டும் மாற்ற வேண்டும், மாற்றியபின் இரு பக்கமும் உட்கார்ந்து ஆடிப் பார்க்க வேண்டும். ஆடுபுலியில் எத்தனை ஆடு வெட்டினால் புலிக்கு வெற்றி என்பது இடத்துக்கு இடம் மாறுகிறது. சில இடங்களில் ஐந்து, ஆறு என்று நிறுத்திக்கொள்வார்கள், சில இடங்களில் எல்லாவற்றையும் வெட்ட வேண்டும். உச்சிப் புலியை அடைக்க 8 காய் வேண்டும் என்ற கணக்கை வைத்துப் பார்த்தால், ஐந்து ஆடு போனபின் எஞ்சும் 10 ஆட்டால் மூன்று புலியையும் அடைப்பது எவ்வளவு கடினம் என்பது விளங்கும்.