ஹோலி ஹில்லைத் தொடங்கியவர் யார்?

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மில்வாக்கிக்கு வடமேற்கே ஏறத்தாழ 30 மைல் தொலைவில், ஏரின் என்ற பண்ணைப் பகுதியில் நிற்கிறது ஹோலி ஹில். பனியாறு உருகி ஓடியபோது கொட்டிப்போன மணலும் சரளையும் சேர்ந்த குன்று. உச்சியில் சகாய மாதாவுக்கு இரட்டைக் கோபுர ஆலயம்.

1673இல் இயேசு சபைக் குரு ஜாக் மார்கெட் இங்கே சிலுவை நட்டு, குன்றை மாதாவுக்கு ஒப்புக்கொடுத்தாராம். பிரான்சுவா சூப்ரியோ என்ற தனித்தவசியின் கதை அதைவிடச் சுவையானது. பொறாமையில் காதலியைக் கொன்றவர். கியூபெக்கில் 1676ஆம் ஆண்டின் நாட்குறிப்பும் வரைபடமும் அவர் கண்ணில் படுகின்றன. அதிலிருந்த கூம்புக் குன்றைத் தேடி வரும் வழியில் கால் முடங்குகிறது. முழந்தாளில் ஏறி, ஜெபித்து, எழுந்து நடக்கிறார்.

மார்கெட் கதை நிற்காது. அந்த ஆண்டு ஆய்வுப் பயணி லூயி ஜோலியேவோடு அவர் ஃபாக்ஸ், விஸ்கான்சின் ஆறுகள் வழியே மிசிசிப்பிக்குப் போனார். திரும்பியது மிச்சிகன் ஏரியின் மேற்குக் கரையோரமாக, படகில், நோயாளியாக. குன்றோ கரையிலிருந்து 20 மைலுக்கு மேல் உள்ளே. மஸ்கூட்டன் மக்களின் ஊரில் யாரோ நட்டிருந்த சிலுவையைக் கண்டு மகிழ்ந்ததைக்கூட எழுதிவைத்தவர் அவர். தாம் நட்டதை மட்டும் எழுதாமல் விடுவாரா? 1676 நாட்குறிப்பும் அவருடையதாக இருக்க முடியாது. 1675 மே மாதமே இறந்துவிட்டார். அக்காலத்தில் அந்த ஏரிப் பக்கம் குளோட் அலுவே போன்ற வேறு குருக்களும் திரிந்தார்கள் என்பது உண்மை. ஆனால் ஒருவர் வந்திருக்கக்கூடும் என்பது, வந்தார் என்பதற்குச் சான்றாகாது.

சூப்ரியோவை அப்படித் தள்ளிவிட மாட்டேன். 1860களில் குன்றில் ஒரு தவசி வாழ்ந்ததை அக்கம்பக்கத்து விவசாயிகள் கண்டார்கள் என்பது நம்பத்தக்கதே. கொலையும் கழுவாயும்தான் உறுத்துகின்றன. தனியே வாழும் அந்நியனுக்கு ஊர் வழக்கமாகக் கட்டிவிடும் கதை அது. நாடகக் கொட்டகையின் வாசம் வீசுகிறது.

அப்படியானால் மார்கெட் கதை ஏன் இத்தனை உறுதியாக ஒட்டிக்கொண்டது? என் ஊகம் இது: ஜெர்மானியரும் ஐரிஷ்காரரும் புதிதாகக் குடியேறிய மண்ணில், இரு தரப்புக்கும் பொதுவான, இருவருக்கும் முந்திய ஒரு கத்தோலிக்க மூதாதை தேவைப்பட்டார். பிரெஞ்சுக் குரு அதற்குக் கச்சிதமாகப் பொருந்தினார்.

இந்தத் தேவைக்கு விலை கொடுத்தவர்கள் அந்த விவசாயிகள்தாம். 1863இல் உச்சியில் மரக்கட்டைச் சிற்றாலயத்தை எழுப்பியவர்கள் அவர்களே. பிறகு 1881இல் பெரிய ஆலயம், 1906இல் பவேரியாவிலிருந்து கார்மேல் துறவியர், 1931இல் இன்றைய கட்டடம், 2006இல் பசிலிக்கா தகுதி. கால் நூற்றாண்டுக்குள் சிற்றாலயம் போதாமல் போனதே, அங்கே வேரூன்றியிருந்த பக்திக்குச் சான்று. சூப்ரியோவைத் திருத்தலத்தின் முதல் பக்தர்களில் ஒருவராக வைக்கலாம். தொடங்கியவர் என்ற இடத்திலிருந்து மார்கெட் இறங்க வேண்டும். அந்த இடம் மரக்கட்டைகளை மேலே சுமந்துபோன ஏரின் பகுதிக் குடியானவர்களுடையது.