ரெசாமைப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள்

பெரணி பார்க்கலாம் வாருங்கள் என்றால் நம்மவர்கள் கரையோரப் பூந்தோட்டங்களுக்கு டிக்கெட் எடுக்கிறார்கள். குளிர்சாதனக் கூடம், செயற்கைப் பனிமூட்டம், நாலு செல்ஃபி, முடிந்தது ரசனை. சிங்கப்பூரின் கென்ட் ரிட்ஜ் பூங்காச் சரிவுகளில் காசில்லாமல் படர்ந்திருக்கும் ரெசாம் என்ற பெரணியை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. ஹவாய்க்காரர்கள் இதே பெரணியை உலுஹே என்கிறார்கள். எரிமலைக் குழம்பு இறுகிய தரையிலும், மண் சரிந்த மலையிலும் முன்வரிசையில் வந்து மூடுவது இதுதான். நீலகிரிச் சாலையோரங்களிலும் உண்டு.

அடிப்படை சுருக்கமாக: பூ இல்லை, விதை இல்லை, இலையடியில் வித்துத்தூள். போதும்.

முக்கியமானது இனிதான். நீங்கள் தண்டு என்று பிடிப்பது தண்டே அல்ல. கம்பி போன்ற காம்பு, அதன் கிளைகள் எல்லாம் சேர்ந்து ஒரே இலை. தண்டு மண்ணோடு ஊர்ந்து போகிறது. காம்பைப் பின்தொடர்ந்து போங்கள், இரண்டாகப் பிரியும். அந்தக் கவட்டையில் ரோமம் போர்த்திய மொட்டு ஒன்று சுருண்டு உறங்கும். இரு பக்கமும் விரிந்தபின் அது விழித்து, நீண்டு, மறுபடி பிரியும். அங்கே இன்னொரு மொட்டு. பெரும்பாலான பெரணிகளுக்கு இலை விரிந்தால் வளர்ச்சி முடிந்தது. ரெசாம் நின்று நின்று வளர்ந்து, ஒரே இலையாகப் பல மீட்டர் ஏறிவிடும். இலையைப் புரட்டினால் அடிப்பக்கம் சாம்பல் பூத்திருக்கும். கவட்டையைப் பார்க்காமல் "நல்ல பசுமை" என்பது வெறும் மேம்போக்கு.

ரெசாமைக் களை என்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் இங்கே காம்பியர் செடி வளர்த்த தோட்டங்கள் மண்ணை உறிஞ்சிப் போட்டுப் போயின. அப்படிச் சத்தற்றுப் புளித்த மண்ணிலும் வேர் பிடிக்கும் செடி இது. மரக்கன்றுகளை நெருக்குவது உண்மைதான். மழையில் சரிவைப் பிடித்து நிறுத்துவதும் இதேதான்.

மலாய்க்காரர்கள் இந்தக் காம்பை உலர்த்தி, நுனியைச் சாய்வாகச் சீவி, மை தொட்டு ஜாவி எழுத்தில் எழுதினார்கள். நான் சொன்னதை நினைவில் வையுங்கள்: அந்தப் பேனா ஓர் இலையின் காம்பு!

உங்களிடம் சொல்வதற்கென்ன, மழை விட்ட காலையில் கூட்டமே இருக்காது. லிட்டில் இந்தியாவில் ரயிலேறி, ஹார்பர்ஃபிரண்டில் வட்டப்பாதைக்கு மாறி, பாசிர் பாஞ்சாங்கில் இறங்கி மேலே நடங்கள். பாதையை விட்டு இறங்காதீர்கள், ஒடிக்காதீர்கள். கவட்டையை மட்டும் குனிந்து பார்த்துவிட்டு வாருங்கள்.