சாப்பிடாத கதாநாயகி

புதுக்கோட்டை மாவட்டத்து நார்த்தாமலைக்குப் பங்குனித் திருவிழா பார்க்கப் போயிருந்தேன். மாரியம்மன் கோயில் வாசலில் கூட்டத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த பெண் போலீஸ் ஒருவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். என் கதை ஒன்றைப் படித்திருந்தாராம். எழுத்தாளனுக்கு வேறென்ன வேண்டும்? "எப்படி இருந்தது, அம்மா?" என்று ஆவலோடு கேட்டேன்.

"நல்லாத்தான் இருந்துச்சு சார். ஆனா, அந்த இன்ஸ்பெக்டர் அம்மா கதை முடியிற வரைக்கும் ஒரு வாய் சாப்பிடவே இல்லையே!" என்றார்.

அங்கே சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து கதையை எடுத்துப் பார்த்தபோது சிரிப்பு வரவில்லை. என் கதாநாயகி நான்கு ரௌடிகளைப் பிடிக்கிறாள். ஒரு மந்திரியை நடுங்க வைக்கிறாள். ஆனால் ஓர் இடத்திலாவது உட்காரவில்லை. கழிப்பறை தேடித் தவிக்கவில்லை. வீட்டில் விட்டு வந்த குழந்தையை நினைக்கவும் இல்லை.

இந்தக் குறை என் ஒருவனுடையதல்ல. விஜயசாந்தி நடித்து 1990-ல் வந்த தெலுங்குப் படமான 'கர்த்தவ்யம்', தமிழில் 'வைஜயந்தி ஐ.பி.எஸ்.' ஆகி ஓடு ஓடென்று ஓடியது. காக்கி உடை பெண்ணுக்கும் பொருந்தும் என்று காட்டியதற்காக அந்தப் படத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அதற்குப் பின் நம் கதைகளில் வரும் பெண் போலீஸ் பெரும்பாலும் மகிஷாசுரமர்த்தினி. இல்லாவிட்டால் சிரிப்பு மூட்ட வரும் கான்ஸ்டபிள். இரண்டுக்கும் நடுவே உத்தியோகம் பார்க்கிற மனுஷியை யாரும் எழுதக் காணோம்.

தமிழ்நாட்டில் 1973-ல் ஒரு சப்-இன்ஸ்பெக்டர், ஒரு ஹெட் கான்ஸ்டபிள், 20 கான்ஸ்டபிள்கள் என்று 22 பெண்களோடு ஆரம்பித்த காரியம் இது. 1992-ல் சென்னை ஆயிரம்விளக்கில் மகளிர் காவல் நிலையம் வந்தது. 2010-ல் லத்திகா சரண் மாநிலக் காவல்துறைக்கே தலைவரானார். மகிழ வேண்டிய வளர்ச்சிதான். ஆனால் முதலமைச்சரின் பயணத்துக்காகப் பெண் போலீசாரைச் சாலையோரத்தில் மணிக்கணக்காக நிறுத்த வேண்டாம் என்ற உத்தரவு வந்தது எப்போது தெரியுமா? 2021-ல்! 48 வருஷம் ஆயிற்று. காலை 7 மணி ஆஜர் அணிவகுப்பை அவர்களுக்காக 8 மணிக்கு மாற்றுவதாக 2023-ல் அறிவித்தார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் எத்தனை தலை பின்னல், எத்தனை சாப்பாட்டு டப்பா! நாவலாசிரியன் நின்று பார்க்க வேண்டிய இடம் அது.

நம் மாவட்டத்திலேயே 2022 டிசம்பரில் ஒரு காட்சி நடந்தது. வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்த கொடுமையை விசாரிக்கப் போன கலெக்டர் கவிதா ராமுவும், போலீஸ் சூப்பரிண்டெண்டெண்ட் வந்திதா பாண்டேயும் அந்த மக்களை இறையூர் அய்யனார் கோயிலுக்குள் அழைத்துப் போனார்கள். சினிமாவானால் அங்கே 'சுபம்' போட்டுவிடுவார்கள். ஆனால் தொட்டி வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்கு மாறி, குற்றப்பத்திரிகை வர 2025 ஆயிற்று. அதையும் வேங்கைவயல் மக்கள் ஏற்கவில்லை. போலீஸ் உத்தியோகம் என்பது கதவு திறக்கும் நிமிஷம் மட்டுமல்ல. அதற்குப் பின் வரும் வருஷங்களும்தான்.

இந்தப் பார்வைக்கு ஒரு முன்மாதிரி உண்டு. 1976-ல் ஐ.பி.எஸ். பணியில் சேர்ந்த திலகவதி, 'கல்மரம்' நாவலுக்காக 2005-ல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றார். அது கட்டிடத் தொழிலாளர்களின் கதை. காக்கி அணிந்தவர் பிறர் தலைச்சுமையைப் பார்த்தார். காக்கி அணியாத நாமோ காக்கியைத் தவிர வேறொன்றையும் பார்க்கவில்லை.

என் அடுத்த கதையில் இன்ஸ்பெக்டர் அம்மாளை முதலில் சாப்பிட உட்கார வைக்கப் போகிறேன். ரௌடி கொஞ்ச நேரம் காத்திருக்கட்டும்.