ஓக் பீப்பாயில் ஓராண்டு

நம்மூர் ரம் பெரும்பாலும் சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகில் பிறப்பது. பிரெஞ்சுத் தீவான மார்த்தினிக்கின் ரம்மோ பச்சைக் கரும்புச்சாற்றில் பிறப்பது. 1996 முதல் பிரான்ஸின் புவிசார் அங்கீகாரமும் அதற்கு உண்டு. ஓக் பீப்பாயில் குறைந்தது 12 மாதம் கிடந்ததைக் கோப்பையில் ஊற்றினால் முதலில் எழுவது, ஆலையில் அப்போதுதான் பிழிந்த கரும்பின் பச்சை வாசம். இனிப்பு இருக்காது, சர்க்கரை நொதித்துத் தீர்ந்துவிட்டது. பிறகு லேசாக வனிலா. கடைசியில் ஈறைக் கவ்வும் துவர்ப்பு.

ஆம்பூர், வாணியம்பாடி டேனரிகளை அறிந்தவருக்கு இந்தத் துவர்ப்பு நெருங்கிய உறவு. குரோம் வருமுன் அங்கே தோலைப் பதனிட்டது ஆவாரம்பட்டை. அதிலும் ஓக்கிலும் இருப்பது டானின். எச்சிலின் புரதத்தைப் பிடித்து வாயை வறளவைப்பதும், தோலின் புரதத்தைப் பிடித்து அழுகாமல் காப்பதும் அதே குணம்தான்.

பல்லாண்டு ஊறியதைவிட இந்த இளசே எனக்கு உசத்தி. மரம் இன்னும் கரும்பை மூடிவிடவில்லை.