சகுந்தலை ஓவியமும் காரைக்கால் அம்மையார் திருவுருவமும்

காப்பியத் தலைவியைத் தூரிகையால் தீட்டுவோனும் ஒருவகையில் உரையாசிரியனே ஆவான். உரையாசிரியன் சொல்லுக்குப் பொருள் காண்கின்றான்; ஓவியனோ தலைவியின் வாழ்க்கையில் ஒரு கணத்தைத் தேர்ந்து, 'இவளே அத்தலைவி' எனக் காட்டுகின்றான். ஆதலின் இத்தகைய ஓவியத்தை வண்ணத்திறம் ஒன்றே பற்றி மதிப்பிடுதல் அமையாது. தேர்ந்தெடுத்த கணம் யாது? அக்கணத்தில் தலைவியைக் காண்பது யார் கண்? இவ்விரு வினாக்களையும் முன்வைத்து, இரவிவர்மாவின் சகுந்தலையை முதற்கண் ஆராய்ந்து, பின்னர்க் காரைக்கால் தந்த தலைவியாகிய புனிதவதியாரை நோக்குவோம்.

விக்டோரியா அரசியின் காலத்தில் (1837–1901) இலக்கியத் தலைவியரைத் தீட்டும் வழக்கம் இங்கிலாந்தில் ஓங்கியிருந்தது. மில்லெய் என்பார் 1851–52இல் வரைந்த ஒபீலியா அவற்றுள் புகழ்மிக்கது. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தில் ஒபீலியா நீரில் மூழ்கி இறத்தல் அரங்கில் நிகழ்வதன்று. அரசியின் வாய்மொழியாக வரும் செய்தியே. தந்தையை இழந்து பித்துற்று அவள் அரங்கில் நின்று பேசும் கூரிய சொற்களை விடுத்து, பிறர் கூறக் கேட்கும் அவள் முடிவையே ஓவியர் தேர்ந்தார் என்பது கருதத்தக்கது.

இரவிவர்மா (1848–1906) ஐரோப்பிய நெய்வண்ண முறையைக் கைக்கொண்டு நம் நாட்டு இலக்கியத் தலைவியரை வரைந்தவர். காலில் தைத்த முள்ளைக் களைவாள் போல நின்று, துஷ்யந்தனைத் திரும்பி நோக்கும் சகுந்தலை அவர் படைப்புகளுள் பலரும் அறிந்தது. காளிதாசரின் நாடகத்தில் முதல் அங்கத்தின் இறுதியில் இது நிகழ்கின்றது. இரண்டாம் அங்கத்தில் மன்னன் இதனையே நினைந்து தன் தோழனிடம் கூறி மகிழ்கின்றான். ஓவியத்திலோ மன்னன் இல்லை. அவன் நினைவில் நின்ற வடிவத்தைக் காண்போராகிய நாம் அவன் கண்கொண்டே காண்கின்றோம்.

இத்தேர்வு நயமற்றது என்பது நம் கருத்தன்று. உள்ளத்து வேட்கையைச் சொல்லாது செயலால் புலப்படுத்தலைத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் விரித்துரைக்கின்றார். கூந்தலை விரித்தல், அணிகளைத் தடவுதல், ஆடையைத் திருத்தி உடுத்தல் என்பன அத்தகையன. முள்ளெடுக்கும் பாவனையும் அவ்வினத்ததே. இரவிவர்மா அதனைக் குறைவறக் காட்டியுள்ளார். ஆயினும் ஐந்தாம் அங்கத்தில் தன்னை அறியேன் என்ற மன்னனை அவையில் எதிர்நின்று கடிந்துரைக்கும் சகுந்தலை இவ்வோவியத்தில் இல்லை. 1894இல் இரவிவர்மா பம்பாயில் அச்சகம் நிறுவியபின், அவருடைய ஓவியங்கள் வண்ணப் படங்களாக எளிய இல்லங்களிலும் புகுந்தன. ஓர் உரை பலர்க்கு மூலமாகவே ஆயிற்று.

இனிப் புனிதவதியாரை இம்முறையில் தீட்டப்புகும் ஓவியன் எக்கணத்தைத் தேர்வான்? இறையருளால் வந்த கனியைக் கணவன் கையில் இடும் கணத்தையே தேர்வான் என ஊகிக்கலாம். இளமை, அழகு, வியப்பு ஆகிய யாவும் அங்கு ஒருங்கே உள்ளன. ஆயின் சேக்கிழார் பெருமானின் அமைப்பு வேறு. அம்மையாரின் எழிலை உறுப்புநூலோர் கூறும் நலமெல்லாம் நிரம்பியது எனச் சுருங்கச் சொல்லி அவர் அப்பாற் செல்கின்றார். பரமதத்தனின் பார்வை முதலில் ஐயமாகவும், பின்னர் அச்சமாகவும், இறுதியில் வணக்கமாகவும் மாறுகின்றது. அவன் மனைவி மகளுடன் அடிவீழ்ந்தபின், அவன்பொருட்டுத் தாங்கிய தசைப்பொதியைக் கழித்தருள வேண்டி அம்மையார் பேய்வடிவு பெறுகின்றார். காணப்படும் அழகையே துறத்தல் இவ்வரலாற்றின் உயிர்நிலையாகும்.

இதனை உணர்ந்தோர் சிற்பியரே. கங்கைகொண்ட சோழபுரத்தில் 11ஆம் நூற்றாண்டிலும், கம்போடியாவின் பந்தியாய் சிரேயில் 10ஆம் நூற்றாண்டிலும், ஆடும் பெருமானின் அடிக்கீழ் உடல் வற்றிய பெண்ணுரு ஒன்று செதுக்கப்பெற்றுள்ளது. அதனை அம்மையார் என்பர் அறிஞர். இவ்விரண்டும் 12ஆம் நூற்றாண்டினதாகிய பெரியபுராணத்திற்கு முற்பட்டவை. அச்சிற்பியர்க்குச் சான்றாக நின்றது, தம்மைக் காரைக்காற்பேய் என்று கூறிக்கொண்ட அம்மையாரின் திருப்பாடலே ஆதல் வேண்டும்.

சிற்பமும் ஒரு கணத்தையே காட்டுகின்றது. அது ஓவியத்தின் வேறாவது எங்ஙனம் எனின், கூறுதும். சகுந்தலை நோக்குகின்றாள் எனினும், ஓவியத்தில் அவள் நோக்கப்படு பொருளாகவே நிற்கின்றாள். சிற்பத்தில் அம்மையாரே காண்பவர்; கூத்து காணப்படுவது. நியூயார்க்கு மாநகர் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள 13ஆம் நூற்றாண்டுச் செப்புத் திருமேனியில் அவர் கையில் தாளம் ஏந்தி அமர்ந்துள்ளார். அவர் பாடுபவர் என்பதைச் சிற்பி மறந்தானல்லன்.

காரைக்காலில் ஆனித் திங்களில் நிகழும் மாங்கனித் திருவிழாவில் மணவிழா முதலாக வரலாறு முறையே நடித்துக் காட்டப்பெறுகின்றது. பிச்சாண்டவர் உலாவில் மக்கள் மாடிகளினின்று கனிகளை இறைக்கின்றனர். இவ்விழா ஊரார் அன்பின் பெருக்கமே. எனினும் கனி ஈந்த மனையாளே நினைவில் ஓங்கி, அற்புதத் திருவந்தாதியின் ஆசிரியர் பின்னிற்பாராயின், அதுவும் ஒரு கணத்தை முழுமையாகக் கொள்ளும் பிழையே ஆகும். தலைவியின் உருவைக் காணும்தோறும் அவள் சொல்லை உடன்வைத்து நோக்குதல் ஆய்வாளர் கடன். சொல்லொடு பொருந்திய உருவே நூலுக்கு நேர்ந்த உரையாம்.