சின்ன அணியில் ஜெயித்தவரைத் தேடுங்கள்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் நவம்பர் கடைசி வந்துவிட்டால் தலைமைப் பயிற்சியாளர்களின் தலை உருளத் தொடங்கும். தோற்றுப்போன பல்கலைக்கழகங்கள் இருந்தவரை அனுப்பிவிட்டு, ஏதாவதொரு பெரிய அணியில் பேர் வாங்கிய கோஆர்டினேட்டரை அழைத்துவந்து அந்த நாற்காலியில் உட்கார வைக்கும். முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் இந்த ஆட்டத்தில் கோஆர்டினேட்டர் என்பவர் உதவிப் பயிற்சியாளர்களில் மூத்தவர். தாக்கும் வரிசையை (ஆஃபென்ஸ்) அல்லது தடுக்கும் வரிசையை (டிஃபென்ஸ்) முழுசாகப் பார்த்துக்கொள்பவர். அவருக்கு அடுத்த படி தலைமைப் பதவிதான் என்று எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி எடுத்துக்கொள்வது தவறு என்பதே என் கட்சி. மிச்சிகன் பல்கலைக்கழக மைதானத்தில் மட்டும் 1,07,601 பேர் உட்காரலாம். இவ்வளவு பெரிய தொழிலில் ஆள் எடுக்கும் முறை இத்தனை மேலோட்டமாக இருக்கக் கூடாது. பெரிய அணியில் இரண்டாம் இடத்தில் இருந்தவரைவிட, சின்ன அணியொன்றைப் பல ஆண்டுகள் தானே நடத்திக் காட்டியவர்தான் தலைமைக்குப் பொருத்தமானவர்.

உதவிப் பயிற்சியாளர் எப்படி உருவாகிறார் என்று பார்த்தால் காரணம் விளங்கும். முதல் படி, முதுநிலைப் படிப்புப் படித்துக்கொண்டே அணியில் வேலை செய்யும் கிராஜுவேட் அசிஸ்டன்ட். படிப்புச் செலவும் ஒரு சிறு தொகையும் கிடைக்கும். எதிரணியின் பழைய வீடியோக்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, அது எத்தனையாவது முயற்சி, இன்னும் எத்தனை கெஜம் வேண்டியிருந்தது, பந்து மைதானத்தின் எந்தப் பக்கம் கிடந்தது, ஆட்டக்காரர்கள் எப்படி நின்றார்கள் என்று ஒவ்வொன்றாகக் குறித்துவைப்பது அவர் வேலை. பயிற்சியில் எதிரணியாக ஆடிக் காட்டும் மாற்று ஆட்டக்காரர்களுக்கு அட்டையில் படம் போட்டுக் கொடுப்பதும் அவர்தான். ஏழு தேசியப் பட்டங்கள் வென்ற நிக் சேபன், 1973இல் கென்ட் ஸ்டேட்டில் இப்படித்தான் தொடங்கினார். அடுத்து ஒரு இடத்து ஆட்டக்காரர்களை மட்டும் பழக்கும் பயிற்சியாளர், பிறகு கோஆர்டினேட்டர். ஒவ்வொரு படியிலும் ஆட்ட அறிவு ஆழமாகிறது. ஆனால் தலைமைப் பயிற்சியாளரின் நாளில் பெரும்பகுதி வேறு காரியங்களில் போகிறது: ஆள் சேர்ப்பது, நன்கொடையாளர்களைப் பார்ப்பது, பெற்றோரிடம் பேசுவது, எல்லாவற்றுக்கும் மேலாகத் தன் உதவியாளர்களைத் தேர்ந்தெடுப்பது. 2018 ஜனவரியிலிருந்து ஒரு அணிக்குப் பத்து உதவிப் பயிற்சியாளர்கள் என்றாகி, பின்னர் அந்த வரம்பும் தளர்ந்துவிட்டது. இத்தனை பேரைப் பொறுக்கி எடுத்து ஒன்றாக வேலை வாங்கும் பழக்கம், வீடியோ அறையில் எத்தனை ஆண்டு உட்கார்ந்தாலும் வராது.

வில் மஸ்சாம்பைப் பாருங்கள். 2003இல் எல்.எஸ்.யு. (லூசியானா ஸ்டேட்) தேசியப் பட்டம் வென்றபோது அதன் டிஃபென்ஸ் கோஆர்டினேட்டர் அவர். பிறகு ஆபர்னிலும் டெக்சஸிலும் அதே வேலை. டெக்சஸ் அவரை அடுத்த தலைமைப் பயிற்சியாளர் என்று முன்கூட்டியே அறிவித்தும் வைத்திருந்தது. 2010 டிசம்பரில் ஃப்ளோரிடா அவரைத் தூக்கிக்கொண்டது. அதற்கு முன் எந்தக் கல்லூரி அணிக்கும் அவர் தலைமை வகித்ததில்லை. நான்கு சீசன்களில் 28 வெற்றி, 21 தோல்வி. நான்கு சீசன்களுக்கு மூன்று ஆஃபென்ஸ் கோஆர்டினேட்டர்கள். தனக்குத் தெரிந்த தடுப்பாட்டத்தைக் கட்டினார். தெரியாத பாதிக்கு ஆள் தேடுவதில்தான் தடுமாறினார். 2013 நவம்பரில் கீழ்ப் பிரிவைச் சேர்ந்த ஜார்ஜியா சதர்ன், ஃப்ளோரிடாவின் சொந்த மைதானத்துக்கே வந்து 26-20 என்று ஜெயித்தது, அதுவும் ஒரு பாஸ்கூட முழுமை பெறாமல், ஓடி ஓடியே. அந்த ஆண்டு முக்கிய ஆட்டக்காரர்கள் பலருக்குக் காயம் என்பது உண்மை. ஆனால் பின்னர் சவுத் கரோலைனாவிலும் 28 வெற்றி, 30 தோல்வி என்றுதான் கணக்கு முடிந்தது. அதே மஸ்சாம்ப் ஜார்ஜியாவுக்கு உதவிப் பயிற்சியாளராகப் போனார். 2021, 2022 இரண்டு சீசன்களிலும் பட்டம். திறமை குறைந்த மனிதர் அல்ல அவர். பொருந்தாத வேலை அவருக்குக் கொடுக்கப்பட்டது, அவ்வளவுதான்.

அதே ஃப்ளோரிடாவில் அவருக்கு முன் ஏழு சீசன் டிஃபென்ஸைக் கவனித்தவர் சார்லி ஸ்ட்ராங். 2006, 2008 பட்டங்களில் அவருக்குப் பெரும் பங்கு. ஆனாலும் கறுப்பினத்தவரான அவருக்குத் தலைமை வாய்ப்பு வராமல் தள்ளிக்கொண்டே போனது. தன் கலப்புத் திருமணத்தையும் சிலர் ஒரு காரணமாக்கினார்கள் என்று அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். 1983இல் தொடங்கியவருக்கு 2009 டிசம்பரில்தான் லூயிவில் கதவைத் திறந்தது. 2013 ஜனவரியில் சுகர் பௌல் என்னும் சீசன் முடிவு ஆட்டத்தில் அவருடைய லூயிவில், மஸ்சாம்பின் ஃப்ளோரிடாவை 33-23 என்று வீழ்த்தியது. பின்னால் டெக்சஸில் ஸ்ட்ராங்கும் சோபிக்கவில்லை, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நேர்காணலில் யார் ‘தலைவர் மாதிரி’ தெரிகிறார் என்று பார்த்து எடுக்கும் வரை, பழைய பாரபட்சங்களும் அந்த அறைக்குள் வந்து உட்காரும். நடத்திய அணியின் கணக்கைக் கேட்டால் அவற்றுக்கு அங்கே இடம் குறையும்.

மஸ்சாம்புக்கு எதிர்த்திசையில் போனவர் கர்ட் சிக்னெட்டி. அலபாமாவில் சேபனிடம் நான்கு ஆண்டுகள் இருந்து, 2009 பட்டத்திலும் பங்கேற்றவர். ஐம்பதை நெருங்கும் வயதில், சம்பளத்தையும் குறைத்துக்கொண்டு, இரண்டாம் பிரிவில் ஆடும் இண்டியானா யுனிவர்சிட்டி ஆஃப் பென்சில்வேனியாவுக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போனார். அங்கே ஆறு சீசன், ஈலானில் இரண்டு, ஜேம்ஸ் மேடிசனில் ஐந்து. 2023இல் மூன்றே ஆட்டங்களில் ஜெயித்திருந்த இண்டியானா பல்கலைக்கழகம் அவரை எடுத்தது. 2024இல் 11 வெற்றி. ஒரே சீசனில் பத்து வெற்றியை அதுவரை கண்டறியாத அணி, பட்டத்துக்காக 12 அணிகள் மோதிய முதல் ப்ளே-ஆஃபுக்குள் நுழைந்தது. ஜேம்ஸ் மேடிசனிலிருந்து உதவிப் பயிற்சியாளர்களையும் ஒரு டஜனுக்கு மேற்பட்ட ஆட்டக்காரர்களையும் அவர் கூடவே கூட்டி வந்ததுதான் இதில் கவனிக்க வேண்டியது. யாரை நம்பலாம் என்பதை 13 ஆண்டுகளில் சோதித்து வைத்திருந்தார். ஜிம் ட்ரெஸ்ஸல் யங்ஸ்டவுன் ஸ்டேட்டில் 15 ஆண்டுகள் கழித்த பிறகுதான் ஒஹையோ ஸ்டேட்டுக்கு வந்தார். இரண்டாம் சீசனிலேயே பட்டம். சேபன்கூட எல்.எஸ்.யு.வுக்கு வரும்போது டொலிடோவிலும் மிச்சிகன் ஸ்டேட்டிலும் தலைமை வகித்திருந்தவர்.

ஜார்ஜியாவின் கர்பி ஸ்மார்ட், கிளெம்சனின் டாபோ ஸ்வீனி, ஒஹையோ ஸ்டேட்டின் ரயன் டே மூவரும் உதவியாளர்களாக இருந்து நேரே தலைமைக்கு வந்து பட்டம் வென்றார்களே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஸ்வீனி 2008இல் சீசன் நடுவே தற்காலிகப் பொறுப்பேற்று நடத்திக் காட்டிய பிறகே கிளெம்சன் அவரை உறுதி செய்தது. டே 2018இல் தலைமைப் பயிற்சியாளர் அர்பன் மையர் இடைநீக்கத்தில் இருந்தபோது மூன்று ஆட்டங்களுக்குத் தலைமை வகித்து மூன்றிலும் ஜெயித்தவர். சிறிதானாலும் அது ஒரு சோதனை. ஸ்மார்ட் உண்மையான விதிவிலக்கு. அவருக்கும்கூட முந்தைய சீசனில் தோல்வியைவிட வெற்றி அதிகம் கண்ட அணியே கைக்கு வந்தது. மறுபுறம் ஸ்காட் ஃப்ராஸ்ட் யு.சி.எஃப்.பில் (சென்ட்ரல் ஃப்ளோரிடா பல்கலைக்கழகம்) 13-0 என்று நிமிர்ந்து, நெப்ராஸ்காவில் 16-31 என்று சரிந்தார். இதுதான் என் வாதத்துக்கு எதிரான வலுவான சாட்சி. ஆனால் நெப்ராஸ்காவுக்குப் போகும் முன் யு.சி.எஃப்.பில் அவர் இருந்தது இரண்டே சீசன். ஒரு நல்ல தலைமுறை ஆட்டக்காரர்கள் போன பிறகு மீண்டும் கட்டும் வேலையை அவர் அப்போது அங்கே செய்யவே இல்லை. அதனால்தான் பல ஆண்டுகள் என்கிறேன்.

ஆண்டுக்குப் பல லட்சம் டாலர் வாங்கும் கோஆர்டினேட்டர் எதற்காகச் சின்ன ஊருக்குப் போக வேண்டும் என்பது மிஞ்சும் கேள்வி. போக விருப்பமில்லாதவர் போக வேண்டியதில்லை. பட் ஃபாஸ்டர் 1987இல் வர்ஜீனியா டெக்குக்கு வந்து, 1995 முதல் 2019 வரை அதன் டிஃபென்ஸை நடத்தி, தலைமைப் பயிற்சியாளர் ஆகாமலே ஓய்வு பெற்றார். 2006இல் நாட்டின் சிறந்த உதவிப் பயிற்சியாளருக்கான பிராய்ல்ஸ் விருது அவருக்குக் கிடைத்தது. அது முழுமையான வாழ்க்கைப்பணி. அரைவழியில் நின்றுபோனது என்று யாரும் சொல்ல முடியாது. தலைமைதான் வேண்டும் என்பவரிடம் பல்கலைக்கழகங்கள் முதலில் கேட்க வேண்டியது, எந்த அணியை, எத்தனை ஆண்டு, நீங்களே நடத்தினீர்கள் என்பதைத்தான்.